பொட்டு வைத்த எறும்பு

அத்தியாயம் 4

"மேடம், ஒரு கொலை விழப் போவுது. சாவப் போறது யாருன்னு கேளுங்க."

ஜெயக்கொடி எழுதிக்கொண்டிருந்த அறிக்கையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "யாரு?"

"நாந்தான்."

சம்பத் தோளிலிருந்த வீடியோ கேமராவை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல மேஜைமேல் கிடத்தினான். முகூர்த்த நாட்களில் அவன் கல்யாண வீடியோ எடுப்பான். மற்ற நாட்களில் ஜெயக்கொடிக்கு உதவியாளன். முகூர்த்தமும் இல்லாமல் கேஸும் இல்லாமல் ஒரு நாள் வாய்த்துவிட்டால், கீழே சைக்கிள் கடையில் உட்கார்ந்து உலக நடப்பைத் திருத்துவான்.

அந்தச் சைக்கிள் கடைக்கு மேலேதான், மேற்குத் தாம்பரத்தில், 'தெளிவு துப்பறியும் நிலையம்' இருந்தது. பெயர்ப் பலகையில் 'ஜெயக்கொடி' என்பதைவிட 'பி.எஸ்ஸி., இயற்பியல்' என்பது பெரிய எழுத்து. வேண்டுமென்றே அப்படி எழுதச் சொன்னாள். அவள் வம்சத்தில் பட்டம் என்றால் அதுவரை காற்றில் விடுவது மட்டுமே. இருந்தாலும் படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைப் பார்த்து, "சார் இல்லையாம்மா?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விக்காகவே அவள் முகத்தில் நிரந்தரமாக ஒரு கடுகடுப்பு குடியிருந்தது.

"விஷயத்தைச் சொல்லுங்க சம்பத்தண்ணா."

"போன வாரம் குரோம்பேட்டையில ரிசப்ஷன் எடுத்தேனே, அந்த மாமனாரு கேசட்டைப் போட்டுப் பாத்துட்டு காலைல வூட்டாண்டயே வந்துட்டாரு. 'மாப்பிள்ளைக்கு நான் எடுத்துக் குடுத்தது கறுப்பு கோட்டு. இதுல மாரூன் கோட்டு போட்டுகினு நிக்கிறானே, இவன் எவன்டா?'ன்றாரு."

"மாரூனா?"

"சுத்த மாரூன். மூஞ்சி மாறல, பொண்ணு மாறல, மாப்பிள்ளை மீசை கூட கறுப்பாத்தான் கீது. கோட்டு மட்டும் வேற. ஃபோகஸ் லைட்டைப் போட்டா மாரூன், அணைச்சா கறுப்பு. நான் இன்னா பண்ணுவேன்? மாப்பிள்ளையை நடுவுல மாத்திட்டேன்னு சந்தேகப்படறாரு மனுஷன்!"

"கேமராவுக்கு வயசாயிடுச்சு. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"அங்க போனா, படம் எடுக்கத்தான் வந்தேன்னு என்னை வெளிய தள்ளுவான்."

அப்போது படியில் தயங்கித் தயங்கி ஒரு காலடிச் சத்தம். "ஜெயா கீதா?" என்று குரல் முன்னால் வந்தது. பின்னாலேயே செல்லியம்மாள் வந்தாள்.

செல்லியம்மாளை ஜெயக்கொடிக்கு ராஜகீழ்ப்பாக்கத்தில் அடுத்த தெருக்காரியாகத் தெரியும். ஐம்பதைத் தாண்டியவள். பக்கத்திலிருக்கும் தனியார் பாலிடெக்னிக்கில் பதினாறு வருடமாக லேப் அட்டெண்டர். கூட்டுவது, துடைப்பது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவள்தான். எப்போது பார்த்தாலும் ஏதாவது சொல்லிச் சிரிக்கிறவள், இன்று மஞ்சள் பையை மார்போடு அணைத்தபடி நின்றாள்.

"உக்காருங்க அத்தை. என்ன ஆச்சு?"

அவள் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். டைப் அடித்தது. ஜெயக்கொடி படித்தாள்.

'ஆயுத பூஜை விடுமுறையின்போது, நான் அனுமதியின்றி கண்காட்சி இயந்திரத்தைத் தொட்டு, அதன்மேல் ஈரச் சந்தனம் பூசி, அதைப் பழுதாக்கினேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.'

கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கையொப்பம் என்று எழுதியிருந்தது.

"மூணு மணிக்குள்ள கையெழுத்து போட்டுத் தரணுமாம். நாலு மணிக்குக் கண்காட்சி தொறக்கறாங்க. போட்டுட்டு நாளையிலேருந்து வூட்லயே இருன்னுட்டாரு எச்சோடி, எங்க டிபார்ட்மென்ட் பெரியவரு."

"சந்தனம் பூசினீங்களா?"

"பூசினேன். பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் வெக்கிறதுதான? பெரிய பெரிய மிஷினுக்கெல்லாம் வெச்சுட்டு, மேஜை மேல பாத்தா இது ஒண்ணு கீது, சின்னதா, எறும்பாட்டம். அந்தப் பொண்ணு ரமா பண்ணது. அதை மட்டும் விட்டா பாவமா கீதேன்னு ஒரு பொட்டு வெச்சேன். வெள்ளிக்கிழமை வந்து பாத்தா ஓடலையாம்." செல்லியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் வேலைக்குப் போவலன்னா சாவ மாட்டேன் ஜெயா. அது இல்ல. ஆறு மாசமா அறிவொளி வகுப்புக்குப் போய் எம்பேரை எழுதக் கத்துகினேன். இதுவரைக்கும் எல்லாத்துக்கும் கைநாட்டுதான். மொத மொத கையெழுத்து போடப்போற காகிதம் இதுதானான்னு கீது."

சம்பத் அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஜெயக்கொடி பேனாவை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்தால் பட்டம் இறங்கி ராஜகீழ்ப்பாக்கம் ஏறிவிடும். "இன்னா அநியாயம் இது! இவங்க மிஷின் ஓடலைன்னா இவங்களுக்குக் காரணம் வேணாம், ஒரு ஆளு வேணும். அதுவும் பதில் பேசத் தெரியாத ஆளா வேணும்!" என்று எழுந்தாள். "சம்பத்தண்ணா, இன்னிக்கு நாலு மணிக்கு ஒரு பாலிடெக்னிக் ஃபங்ஷன் எடுக்கணும்னு சொன்னீங்களே?"

"அதே காலேஜுதான். அதுக்குத்தான் கேமராவோட கிளம்பினேன்."

"துப்பறியறவ வந்திருக்கேன்னா வாசல்லயே நிறுத்துவாங்க. உங்களுக்கு லைட் பிடிக்க ஒரு ஆள் வேணுமில்ல?"

சம்பத்தின் முகம் தீபாவளி மாதிரி மலர்ந்தது. "அப்ப இன்னிக்கு நீங்க எனக்கு அசிஸ்டென்ட்டா? மேடம், அந்த ஸ்டேண்டைத் தூக்கினு பின்னாடியே வாங்க. கேள்வி கேக்கக் கூடாது. டீ வாங்கியாரச் சொன்னா வாங்கியாரணும்."

"நாளைக்கு விடியுமில்ல அண்ணா?"

"விடியும் மேடம். தெரியாமச் சொல்லிட்டேன்."

ரயில்வே கேட்டில் இரண்டு மின்சார ரயிலுக்கும் ஒரு எக்ஸ்பிரஸுக்கும் தலைவணங்கி, கிழக்குப் பக்கம் ஏறி, சேலையூர் தாண்டி சம்பத்தின் ஸ்கூட்டர் பாலிடெக்னிக் வாசலில் இருமி நின்றபோது மணி ஒன்றேமுக்கால். செல்லியம்மாள் பஸ்ஸில் அவர்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தாள்.

கண்காட்சி அரங்கின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஒரு வாசனை குத்தியது.

"இன்னாது, செருப்புக் கடைக்கு வந்துட்டமா?" என்றான் சம்பத்.

"தோல்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் பெருமையாகச் சொன்னது.

எலெக்ட்ரானிக்ஸ் துறைத் தலைவர் யக்ஞநாராயணன். காலர் கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. நடு மேஜையில் விரித்திருந்த ஒரு பெரிய வெள்ளைப் பலகையைக் காட்டினார். அதன்மேல் ஒரு விரல் அகலத்துக்கு, வளைந்து நெளிந்து, பளபளவென்று ஒரு கறுப்புத் தோல் பட்டை ஒட்டியிருந்தது.

"இன்னிக்கு சீஃப் கெஸ்ட் சம்பந்தம், பல்லாவரத்துல லெதர் பிசினஸ். ரோபோ ஓடற டிராக்கை அவர் சரக்குலயே போட்டா அவருக்கும் ஒரு மரியாதை, இல்லையா? பூஜை லீவுல அவா ஆளே வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போனா. வீடியோவில இதை நன்னா க்ளோஸ்-அப் எடுக்கணும். பாருங்கோ, என்ன ஒரு கறுப்பு!" பிறகு அவர் முகம் வாடியது. "ஆனா ஓட வேண்டியதுதான் ஓடலை. எல்லாம் அந்த செல்லியம்மா பண்ணின கைங்கரியம். யாரும்மா நீ?"

"லைட் பிடிக்கிறவ சார்," என்று ஸ்டேண்டைத் தூக்கிக் காட்டினாள் ஜெயக்கொடி.

மேஜைக்கு அந்தப் பக்கம், விரலெல்லாம் சால்டரிங் சூடுபட்ட தழும்போடு, அழுது ஓய்ந்த முகமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடைசி வருட மாணவி ரமா. அவள் கையில் எறும்பு இருந்தது.

எறும்பு ஒரு அலுமினிய டிபன் பாக்ஸ். பழைய டேப் ரெக்கார்டரின் இரண்டு மோட்டார், பொம்மைக் காரின் இரண்டு சக்கரம். மூடியின் முன்பக்கத்தில் அச்சாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். பார்ப்பதற்குப் பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரியே இருந்தது.

"இது எப்படி ஓடும்?" என்று ஜெயக்கொடி மெதுவாகக் கேட்டாள்.

விளக்கு பிடிக்கிறவள் கேட்கிறாளே என்று ரமா ஆச்சரியப்படவில்லை. யாராவது கேட்டால் போதும் என்றிருந்தாள். எறும்பைக் கவிழ்த்து அடிவயிற்றைக் காட்டினாள். "இங்க ரெண்டு கண்ணு இருக்கு அக்கா. ஒவ்வொரு கண்ணுலயும் ஒரு குட்டி பல்பு, அகச்சிவப்பு வெளிச்சம் விடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல ஒரு சென்சார். கீழ வெள்ளையா இருந்தா வெளிச்சம் பட்டுத் திரும்பி வரும், மேல இந்த சிவப்பு விளக்கு எரியும். கறுப்பா இருந்தா வெளிச்சத்தை முழுங்கிடும், விளக்கு அணைஞ்சிடும். கோடு ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கணும். எந்தக் கண்ணு கறுப்பைப் பாக்குதோ, அந்தப் பக்கம் திரும்பிப் போயிட்டே இருக்கும்."

"இப்ப என்ன பண்ணுது?"

ரமா எறும்பைப் பட்டையின்மேல் வைத்து ஸ்விட்சைத் தட்டினாள். இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. எறும்பு நேராகக் கிளம்பியது. வளைவு வந்தது. எறும்பு வளையவில்லை. பட்டையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, மேஜை விளிம்புக்கு வந்து, செல்லியம்மாள் ஓடிவந்து பிடித்திராவிட்டால் தரையில் விழுந்திருக்கும்.

"பாருங்கோ, இப்பவும் தொடறா!" என்றார் யக்ஞநாராயணன்.

"சார், அவங்க பிடிக்கலைன்னா அது கீழ," என்றாள் ஜெயக்கொடி.

"லைட் பிடிக்கிறவ லைட்டைப் பிடி."

சம்பத் அவசரமாகக் குறுக்கே வந்தான். "சார், இவங்க பி.எஸ்ஸி. பிசிக்ஸ் சார். வேலை கிடைக்காம என்னாண்ட லைட் பிடிக்கிறாங்க. கொஞ்சம் பாக்கட்டும் சார், இன்னா போவுது?"

வேலை கிடைக்காத பட்டதாரி என்றால் தாம்பரத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை. யக்ஞநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு வரைக்கும்."

ஜெயக்கொடி எறும்பைக் கையில் எடுத்தாள். "ரமா, முதல்ல வெளிச்சம் விடற பல்பு செத்துப்போச்சான்னு பாக்கணும்."

"கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை எப்படி அக்கா பாக்கறது?"

"அது எங்கிட்ட வுடு," என்று சம்பத் கேமராவைத் தூக்கினான். "ஒரு கல்யாண வூட்ல ஒரு வாலு, டிவி ரிமோட்டை என் கேமரா மூஞ்சிக்கு நேரா காட்டி அமுக்கினான். உள்ள பாத்தா டார்ச் லைட்டாட்டம் அடிக்குது! வெளிய பாத்தா ஒண்ணும் இல்ல." அவன் கேமராவின் சின்னக் கறுப்பு-வெள்ளைத் திரையில் கண்ணை வைத்தான். "இதோ, ரெண்டும் மினுக்கு மினுக்குன்னு மின்னிகினு கீது."

"பல்பு உயிரோட இருக்கு. அடுத்தது சென்சார்." ஜெயக்கொடி எறும்பை மேஜையிலிருந்து ஒரு முழம் உயரத் தூக்கினாள். சிவப்பு விளக்கு இரண்டும் அணைந்தன. இறக்கினாள். எரிந்தன. மறுபடி தூக்கினாள். அணைந்தன.

"அடியில எதுவும் இல்லைன்னா வெளிச்சம் திரும்பி வரலை, அணையுது. வெள்ளைப் பலகை வந்தா எரியுது. அப்ப கண்ணு குருடாகலை."

"ஜன்னல் வழியா வெயில் வந்தா குழப்பும் அக்கா."

ஜன்னல்களை மூடினார்கள். எறும்பு இருட்டிலும் அதே வீராப்போடு நேராகப் போய் செல்லியம்மாளின் கையில் விழுந்தது. பேட்டரியை மாற்றினார்கள். இன்னும் வேகமாகப் போய் விழுந்தது.

"எதுக்கு இவ்வளவு?" என்றார் யக்ஞநாராயணன். "ஈரச் சந்தனம் சர்க்யூட்ல இறங்கியிருக்கு. தட்ஸ் ஆல்."

ஜெயக்கொடி டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே கம்பிகள் புத்தம் புதிதாகப் பளபளத்தன. "எங்க சார் சந்தனம்?"

"காஞ்சு போயிருக்கும்."

"தண்ணி காயும் சார். சந்தனம் கறை விடும். வேட்டியில பட்டா தெரியாதா உங்களுக்கு? அதோட அத்தை பொட்டு வெச்சது நெத்தியில. இதுக்குக் கண்ணு இருக்கிறது வயித்துக்கு அடியில."

சம்பத் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். யக்ஞநாராயணனுக்குக் காது சிவந்தது.

"லுக், லீவுக்கு முந்தின நாள் இதே ஹால்ல, இதே டேபிள்ல, என் கண் முன்னாடி ஓடித்து. வெள்ளிக்கிழமை ஓடலை. நடுவுல அந்த மெஷினைத் தொட்டது இவ ஒருத்திதான். வேற என்ன விளக்கம் இருக்கு? நீ சொல்லேன்!"

ஜெயக்கொடி டிபன் பாக்ஸை மூடி, மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே கறை இல்லை, கண்ணில் பழுது இல்லை, பேட்டரியில் குறை இல்லை. எல்லாம் சரியாக இருக்கிற ஒரு பொருள் எல்லாமே தப்பாகச் செய்கிறது. இதற்கு மேல் ஒரு கேள்வி கூட அவளிடம் மிச்சமில்லை.

மணி இரண்டு ஐம்பது.

செல்லியம்மாள் மஞ்சள் பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். "போட்டுர்றேன் ஜெயா. எனக்காக நீ ஏன் இவராண்ட மல்லுக்கு நிக்கிற?" யக்ஞநாராயணன் பையிலிருந்த மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து நீட்டினார். பேனாவை வாங்கிய அவள், பிள்ளைகள் பலப்பத்தைப் பிடிப்பது போல நுனியில் பிடித்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று கோட்டின்மேல் ஒரு கணம் தேடினாள்.

"சார், சார், ஒரு நிமிஷம்!" என்று கத்தினான் சம்பத். "கையெழுத்து போடறதையும் வீடியோ எடுத்துரலாமா? பின்னாடி யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது பாருங்க. ஒரு லைட் டெஸ்ட் பண்ணிக்கிறேன்."

அவன் நேரத்தைக் கடத்துகிறான் என்று ஜெயக்கொடிக்குத் தெரிந்தது. ஃபோகஸ் லைட்டைப் போட்டாள். அரங்கம் கல்யாண மண்டபமாக மாறியது. சம்பத் கேமராவைச் சாவகாசமாக அங்கும் இங்கும் திருப்பினான். சுவரிலிருந்த கரும்பலகை, மேஜை, பட்டை, மறுபடி கரும்பலகை.

"மேடம், நம்ம கேமரா நெசமாவே அவுட்டு. இங்க பாருங்க, செவுத்துல போர்டு நல்லா கன்னங்கரேல்னு கீது. இந்தத் தோலு மட்டும் சாம்பலாட்டம் வெளுத்துப் போய் நிக்குது. அந்த மாப்பிள்ளை கோட்டு மாதிரியே பேஜார் பண்ணுது."

ஜெயக்கொடி விளக்கு ஸ்டேண்டோடு அவன் பக்கம் திரும்பினாள்.

"இன்னா சொன்னீங்க?"

"கேமரா அவுட்டுன்னு..."

"அதுக்கு அப்புறம்!"

"கோட்டு மாதிரியேன்னு..."

ஜெயக்கொடி ஸ்டேண்டை அவன் கையில் திணித்துவிட்டு கேமராவில் கண்ணை வைத்தாள். பார்த்தாள். நிமிர்ந்து வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடி கேமராவில் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்து சம்பத் பார்த்ததில்லை. பயந்துபோய் ஒரு அடி தள்ளி நின்றான்.

"அத்தை, அந்தக் காகிதத்தைக் குடுங்க. இன்னும் போடலை இல்ல? குடுங்க." காகிதத்தைப் பிடுங்கி, எழுத்து அடிப்பக்கம் போக, வெள்ளைப் பக்கம் மேலே வர மேஜையில் விரித்தாள். "சார், கொஞ்சம் பக்கத்துல வாங்க. ரமா, எறும்பை இது மேல வை."

ரமா வைத்தாள். சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன.

"வெள்ளைக் காகிதம். எரியுது. சரிதானே?" மேஜையடியில் பட்டை ஒட்டினவர்கள் விட்டுப்போன ஒரு தோல் துண்டை எடுத்து, காகிதத்துக்கும் எறும்புக்கும் நடுவில் சொருகினாள். "இப்ப கறுப்புத் தோல். அணையணும்."

அணையவில்லை. இரண்டும் ஜம்மென்று எரிந்தன.

"அதான் சொல்றேனே, சென்சார் ஃபால்ட்," என்றார் யக்ஞநாராயணன். ஆனால் குரலில் முன்பிருந்த விறைப்பு இல்லை.

"இருங்க சார். அத்தை, செவுத்து போர்டுக்குக் கறுப்பு பூசறது நீங்கதானே? என்ன பூசினீங்க?"

"நான் எப்பவும் பூசறதுதான். அடுப்புக் கரியும் ஊமத்தை இலையும் அரைச்சு. கண்காட்சின்னு காலையில கூட ஒரு பூச்சு குடுத்தேன். அதோ மூலையில கொட்டாங்குச்சியில மிச்சம் கீது."

"ஒரு விரல் எடுத்து இந்தக் காகிதத்துல ஒரு கோடு இழுங்க."

செல்லியம்மாள் கரியைத் தொட்டு, அவளைக் குற்றவாளியாக்க டைப் அடித்த காகிதத்தின் முதுகில் தடிமனாக ஒரு கோடு இழுத்தாள். ரமா எறும்பை அதன்மேல் நகர்த்தினாள். இடது கண் கோட்டின்மேல் வந்தது. இடது விளக்கு பொசுக்கென்று அணைந்தது. வலது கண் வந்தது. வலதும் அணைந்தது.

யக்ஞநாராயணன் மேஜைமேல் குனிந்து பார்த்தார்.

"எறும்பு முதல்லேருந்து உண்மையைத்தான் சொல்லிச்சு சார்," என்றாள் ஜெயக்கொடி. "இங்க கறுப்பே இல்லைன்னுது. நாமதான் நம்பலை. இந்தத் தோல் சாயத்துல முக்கின கறுப்பு. சாயம் நம்ம கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தை முழுங்கும். அகச்சிவப்பை முழுங்காது, கண்ணாடி மாதிரி திருப்பி அடிச்சுடும். ஃபோகஸ் லைட்டுல அகச்சிவப்பு நிறைய; அதையும் சேத்துப் பாக்கற கேமராவுக்குத்தான் இந்தத் தோல் சாம்பல், அந்த மாப்பிள்ளை கோட்டு மாரூன். அதனால எறும்புக்கு இதுவும் வெள்ளை, பலகையும் வெள்ளை. கோடே தெரியாம அது எங்க திரும்பும்? ஆனா கரி அப்படி இல்லை. எந்த வெளிச்சம் வந்தாலும் முழுங்கும். ரமா, லீவுக்கு முன்னால இந்த ஹால்ல எதுமேல ஓட்டின?"

ரமா வாயில் கை வைத்துக்கொண்டாள். "இன்சுலேஷன் டேப்! வீட்டுலயும் அதேதான். கடவுளே... அதுல கரி கலந்திருக்கும். நான் டிராக் மாறினதை நினைக்கவே இல்லையே அக்கா. கறுப்பு கறுப்புதானேன்னு..."

"எல்லாரும் அப்படித்தான் நினைச்சோம். லீவுல மெஷினை யாரு தொட்டதுன்னு தேடினோம். பாதையை மாத்தினது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை."

பாதையை மாற்றச் சொன்னவர் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். யக்ஞநாராயணன் தன் கையாலேயே எறும்பை எடுத்துத் தோலின்மேல் வைத்தார். எரிந்தது. கரியின்மேல் வைத்தார். அணைந்தது. மூன்று தடவை. நான்காவது தடவை கையைத் துடைத்துக்கொண்டார். மனிதர் கர்வியே தவிரப் பொய்யர் இல்லை.

"ஐ ஆம் வெரி சாரிம்மா," என்றார் ஜெயக்கொடியிடம்.

"எங்கிட்ட இல்ல சார்."

அவர் செல்லியம்மாள் பக்கம் திரும்பினார். பதினாறு வருடமாக 'செல்லியம்மா, இங்க வா' என்று கூப்பிட்ட வாய். "தப்பு என்மேலதான். மன்னிச்சுக்குங்கோ. நாளைக்கு எப்பவும் போல வாங்கோ."

செல்லியம்மாள் அவர் 'வாங்கோ' என்றதற்கே பாதி பயந்துபோனாள். சம்பத் காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஈரக் கரி காகிதத்தில் ஊறி மறுபக்கம் வரை இறங்கியிருந்தது. கையொப்பக் கோடு இருந்த இடம் தெரியவில்லை. "சார், இதுல இனிமே கையெழுத்து போடணும்னா எறும்புதான் போடணும்."

"இப்ப மணி மூணேகால்," என்று ரமா அலறினாள். "தோலை உரிச்சா பலகையே பிஞ்சுடும். டேப் வாங்கத் தாம்பரம் போயிட்டு வர நேரம் இல்லையே!"

"எதுக்கு உரிக்கணும்?" என்றாள் செல்லியம்மாள். எல்லோரும் திரும்பினார்கள். "தோலு மேலயே கரியைப் பூசிட்டா? பாக்கறவங்களுக்கும் கறுப்பு, எறும்புக்கும் கறுப்பு."

யக்ஞநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "ஃபேனை ஃபுல்லா வைம்மா ரமா, சீக்கிரம் காயட்டும்," என்று மட்டும் சொன்னார்.

எதைத் தொட்டதற்காக வேலை போகவிருந்ததோ, அதன் பாதை முழுவதையும் செல்லியம்மாள் தன் இரண்டு விரலால் தடவி முடித்தாள். ஒரு வளைவில் கூடப் பிசிறு இல்லை.

"இந்தப் பொட்டைத் துடைச்சுடட்டுமா சார்?" என்று எறும்பைக் காட்டிக் கேட்டாள் ரமா.

"இருக்கட்டும்," என்றார் அவர். "அழகாத்தான் இருக்கு."

நாலு பத்துக்கு பல்லாவரம் சம்பந்தம் ரிப்பன் வெட்டினார். ரமா ஸ்விட்சைத் தட்டினாள். எறும்பு கிளம்பியது. முதல் வளைவில் இடது விளக்கு அணைந்தது, எறும்பு இடது பக்கம் திரும்பியது. அடுத்த வளைவில் வலது. சந்தனப் பொட்டோடு, ஊர்கோலம் போகிற சாமி மாதிரி ஆடி அசைந்து, ஒரு முழுச் சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

சம்பந்தம் குனிந்து பட்டையைப் பார்த்தார். "நம்ம சரக்கு! என்ன ஒரு கறுப்பு பாத்தீங்களா!"

"ஆமா சார், கண்ணை எடுக்க முடியல," என்றான் சம்பத் கேமராவுக்குப் பின்னாலிருந்து. ஜெயக்கொடி அவன் காலை மிதித்தாள்.

கூட்டம் அடுத்த மேஜைக்கு நகர்ந்ததும் ரமா பலகையின் ஓரத்திலிருந்த அட்டையை எடுத்தாள். அதில் 'எறும்பு. வடிவமைப்பு: ரமா' என்று எழுதியிருந்தது. கீழே ஸ்கெட்ச் பேனாவால் 'பாதை:' என்று எழுதி, பேனாவையும் அட்டையையும் செல்லியம்மாளிடம் நீட்டினாள்.

செல்லியம்மாள் பேனாவை வாங்கவில்லை. கொட்டாங்குச்சியில் மிச்சமிருந்த கரியைத் தொட்டாள். நாக்கு நுனியைக் கடித்தபடி ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். 'செல்லியம்மாள்'. கடைசி எழுத்தின் தலையில், எறும்புக்கு வைத்த அதே விரலால், ஒரு புள்ளி வைத்தாள்.

சம்பத் ஃபோகஸ் லைட்டைப் போட்டு, கேமராவை அட்டைக்கு நேராகப் பிடித்தான்.

"மேடம்," என்றான் கண்ணை எடுக்காமல். "இது மாரூன் அடிக்கல. பக்கா கறுப்பு."